ஐந்தாவது பாயிண்ட்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கிற முதல் கட்டு எப்போதும் கனம்தான். காலையில் எடுத்ததும் இதே நாற்பது தாள், இதே சணல் நூல். ஆனாலும் தயிர்ச்சோறு வயிற்றுக்குள் போன பிறகு தாளுக்கு எங்கிருந்தோ எடை வந்துவிடுகிறது. ரஞ்சிதபாய் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டாள். பச்சை மைப் பேனாவைத் திறந்தாள், மூடினாள். திருத்துகிறவர்களுக்குச் சிவப்பு மை, அவர்கள் திருத்தியதைச் சரிபார்க்கிற தலைமைத் திருத்துநருக்குப் பச்சை. இந்தப் பச்சைக்காக ஒரு காலத்தில் அவளும் ஏங்கியவள்தான். இப்போது அது விரலில் ஒரு சுளுக்கு மாதிரி இருந்தது. பாளையங்கோட்டை மே மாத வெயிலில், இந்தக் கல்லூரிக் கூடத்தில், பன்னிரண்டு நாளாக இருபத்திரண்டு பேர் வரலாற்றுத் தாள் திருத்துகிறார்கள். இன்று கடைசி நாள். ஐந்து மணிக்குக் கட்டெல்லாம் சீல் வைத்துப் போய்விடும். வியாழக்கிழமை அவளும் போய்விடுவாள், முப்பத்துநான்கு வருஷ வாத்தியார் வேலை முடிந்து. மாலை போட்டுச் சுவர்க்கடிகாரம் கொடுப்பார்கள். ஓய்வு பெறுகிறவர்களுக்கு ஏன் கடிகாரத்தைக் கொடுக்கிறார்களோ, இனி நேரம் பார்த்து எங்கே ஓட. மேலே சுற்றிய மின்விசிறி காற்றைத் தரவில்லை, வெயிலைக் கிண்டிக்கொண்டிருந்தது. பெரிக்ளிஸ் கிரேக்க ஜனநாயகத்துக்கும் பண்பாட்டுக்கும் ஆற்றிய தொண்டினை மதிப்பிடுக. பதினெட்டாம் கேள்வி, பத்து மதிப்பெண். பெரிக்ளிஸ் தலைசிறந்த அரசியல் மேதை, அவர் காலம் கிரேக்கத்தின் பொற்காலம், மலை உச்சியில் அவர் எழுப்பிய பார்த்தினான் கோயில் காலத்தை வென்று நிற்கிறது. சங்கரன்கோவில் கையெழுத்திலும் அதே வாக்கியம், நாகர்கோவில் கையெழுத்திலும் அதே வாக்கியம். சாய்ந்த எழுத்து, குண்டு எழுத்து, ஒரு பிள்ளை ஓரத்தில் தலைக்கவசம் போட்ட தாடிக்காரரை வரைந்தே வைத்திருக்கிறது, தலை நீளமாக இருந்ததால் வெங்காயத் தலையன் என்று அந்த ஊர் நாடகக்காரர்கள் கேலி செய்வார்களாம் என்று அவள் எப்போதோ வகுப்பில் சொன்னது அந்தப் பிள்ளை வரைக்கும் எப்படிப் போனதோ. காலத்தை வென்று நிற்கிறது. அது அவள் வாக்கியம். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி மண்ணெண்ணெய் விளக்கில் எழுதின வாக்கியம். அவள் சொல்லச்சொல்ல எழுதிய பிள்ளைகளின் நோட்டு, பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போய், அங்கிருந்து மூன்று ஜில்லாவுக்குப் போய், கடைசியில் யாரோ அச்சடித்த கைடுக்குள்ளும் போய்ப் படுத்துக்கொண்டது. இப்போது இந்தக் கேள்வியை எழுதின தொள்ளாயிரத்து அறுபது தாளிலிருந்து அவளுடைய குரலே அவளிடம் திரும்பிப் பேசுகிறது, களைக்காமல். அவளுக்குத்தான் களைத்தது.

கட்டின் ஏழாவது தாள். முதல் பக்கத்தில், இதைத் திருத்தின முப்பிடாதியின் சிவப்பு மையில் கூட்டல்: இருபத்தெட்டு. எழுபத்தைந்துக்கு முப்பது எடுத்தால் தேர்ச்சி. இரண்டில் போயிற்று. இரண்டு மதிப்பெண்ணில் போகிற தாள் பார்த்தால் மனம் ஒரு நிமிஷம் நிற்கும், பிறகு நகர்ந்துவிடும், அப்படி நகரப் பழகியவள். பெயர் இல்லை, பதிவெண் இல்லை. அதெல்லாம் கிழித்து எடுத்துவிட்டு ஒரு போலி எண் ஒட்டியிருப்பார்கள். பையனோ பெண்ணோ தெரியாது. பதினெட்டாம் கேள்விக்குப் போய்ப் பார்த்தாள். தலைப்பு இல்லை, உள்தலைப்பு இல்லை, அடிக்கோடு இல்லை, இரண்டரைப் பக்கம் மூச்சுவிடாமல் ஒரே பத்தி. பத்துக்கு இரண்டு. நிமிர்ந்து முப்பிடாதியைப் பார்த்தாள். சங்கரன்கோவில் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளர், முப்பத்தெட்டு வயதிருக்கும், காதில் பேனாவைச் செருகிக்கொண்டு, இந்தக் கூடத்திலேயே வேகமாகத் திருத்துகிறவர், தப்பில்லாமலும் திருத்துகிறவர். கூப்பிட்டதும் எழுந்து வந்தார். "ஆன்சர் கீல எட்டுப் பாயிண்டு இருக்கு மேடம். கூலிக்கு ஒண்ணு, கோயிலுக்கு ஒண்ணு, ரெண்டு போட்டுட்டேன். மிச்சமெல்லாம் கதை. அஞ்சாவது பாயிண்ட நேர்மாறா எழுதி வச்சிருக்கு. நீங்க குடுத்த கீ, அதை நான் எப்படி மீற?" குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். சரி, போங்க சார் என்றாள். அவர் போன பிறகு விடைக்குறிப்பை எடுத்து, தெரியாதவள் மாதிரி ஐந்தாவது வரியைப் படித்தாள். குடியுரிமையை விரிவுபடுத்தினார், ஒரு மதிப்பெண். கீழே அவள் கையெழுத்து. முப்பிடாதி ஒழுங்கான மனிதர். ஒழுங்கான மனிதர்களைப் பார்த்தால் இப்போதெல்லாம் அவளுக்கு லேசாகப் பயம் வருகிறது, தப்பு எதைக் கொடுத்தாலும் தயங்காமல் அதைச் செய்து முடித்துவிடுவார்கள்.

படித்தாள். பெரிக்ளிஸ் ஏழைகளும் நீதிமன்றத்தில் உட்கார வேண்டும் என்று தினக்கூலி கொடுத்தார், இது நல்லது. கோயில் கட்டினார், நாடகம் பார்க்க வைத்தார், இதுவும் நல்லது. ஆனால் தாயும் தகப்பனும் ரெண்டு பேரும் ஏதென்ஸ் ஆட்களாக இருந்தால்தான் பிள்ளை குடிமகன் என்று சட்டம் போட்டார், அதற்கு முன்னால் தகப்பன் மட்டும் போதும். எகிப்து தேசத்து ராஜா ஒரு தடவை கோதுமை அனுப்பினார், அதைப் பங்கு வைக்கும்போது யார் யாருக்கு உண்டு என்று கணக்கெடுத்து, உன் அம்மா வெளியூர்க்காரி என்று ஐயாயிரம் பேர் வரை பட்டியலில் இருந்து நீக்கினார்கள். சிவப்பு மை இங்கே பக்கவாட்டில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தது. பிறகு கொள்ளைநோய் வந்தது, பெரிக்ளிஸுக்கு மனைவியிடம் பிறந்த ரெண்டு மகன்களும் செத்துப்போனார்கள், மிச்சம் இருந்தது வெளியூர்ப் பெண்ணுக்குப் பிறந்த மகன், அவனுக்கு அப்பா போட்ட சட்டப்படியே குடியுரிமை கிடையாது. அவர் சபையில் போய்க் கெஞ்சினார். சபை இரக்கப்பட்டு அவர் மகனுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. மற்றப் பிள்ளைகளுக்காக யார் கேட்டார்கள் என்று புத்தகத்தில் இல்லை. அத்தோடு விடை முடிந்திருந்தது. முடிவுரை இல்லை. ரஞ்சிதபாய் கடைசி வாக்கியத்தில் விரலை வைத்துக்கொண்டு இருந்தாள். எந்தப் புத்தகம்? எந்த ஊர் நூலகத்தில், எந்த அலமாரியில், தூசியோடு எதை இழுத்து எடுத்துப் படித்தது இந்தப் பிள்ளை. முப்பத்துநான்கு வருஷத்தில் இப்படி ஒரு வாக்கியம் அவள் எழுதியதில்லை. கீ சரியாக இருந்திருந்தால் சட்டத்துக்கு ஒன்று, கதை என்று தள்ளின பட்டியலுக்கும் விலக்குக்குமாக மூன்று, மொத்தம் ஆறு போடலாம். தாராளமாக ஆறு. நான்கு கூடினால் முப்பத்திரண்டு, தேறிவிடும். இல்லையென்றால் அரியர், நவம்பரில் மறுபடி எழுத வேண்டும், அதற்குள் இந்தப் பிள்ளை ஒழுங்காகக் கைடு வாங்கி, விரிவுபடுத்தினார் என்று மனப்பாடம் செய்து எழுதிப் பாஸாகிவிடும். அதுதான் நெஞ்சில் முள்ளாக நின்றது. தோற்பது அல்ல, அடுத்த தடவை தேறுவது.

பச்சைப் பேனாவால் நான்கு போட எவ்வளவு நேரம். ஆனால் போட முடியாது. போட முடியாதபடி செய்தவளும் அவள்தான். ஏழு வருஷத்துக்கு முன்னால் திருத்துகிற இடத்துக்கே போலி எண்ணைச் சொல்லிப் போன் வரும், அந்தத் தாள் நம்ம டிரஸ்டி பேத்தியுடையது, இந்தத் தாள் கவுன்சிலர் மச்சான் மகனுடையது, பார்த்துச் செய்யுங்க. தலைமைத் திருத்துநர்கள் பார்த்துச் செய்தார்கள். அவள்தான் பாடத்திட்டக் குழுவில் எழுந்து நின்று விதி கொண்டுவந்தாள். முப்பதுக்கு மூன்று குறைவுவரை உள்ள தாளில் தலைமைத் திருத்துநர் கை வைக்கக் கூடாது. விடைக்குறிப்பிலேயே பிழை இருந்தால் மட்டும் வைக்கலாம்; அப்போதும் பிழை இன்னது, இன்னாருடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அந்தக் கேள்வியை எழுதின அத்தனை தாளையும் அன்றைக்கே மறுபடி பார்க்க வேண்டும். ரஞ்சிதபாய் ரூல் என்றே பெயர் வந்துவிட்டது. அன்றைக்கு அவளுக்குப் பெருமை, வீட்டுக்குப் போகிற வழியில் தனக்குத் தானே அரைக் கிலோ மாம்பழம் வாங்கிக்கொண்டாள். பிழையை ஒப்புக்கொண்டு யார் எழுதப் போகிறார்கள் என்ற தைரியத்தில்தான் அந்த இரண்டாவது வரியைச் சேர்த்தாளோ என்று இப்போது தோன்றியது. இந்த ஏழு வருஷத்தில் யாரும் எழுதவில்லை. கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். மேசைக்கு மேசை கைப்பைகளை மூடி வைத்துவிட்டார்கள். ஒருவர் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு தென்காசிக்கு ஐந்தேகால் பஸ் இருக்கா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். தேங்காய்ச் சட்னியோடு வடை வந்தது. ஆறிப்போன வடை. ஆறின வடையின் ருசி அவளுக்கு ஏன் எப்போதும் சாவு வீட்டை நினைவுபடுத்துகிறது, அம்மா இறந்த அன்றைக்கும் யாரோ இப்படித்தான் ஒரு தட்டில் வைத்து நீட்டினார்கள். அம்மா கடைசி இரண்டு வருஷமும் செத்துப்போன பெரிய அண்ணன் மத்தியானம் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரும் மறுக்கவில்லை. ஆமாம்மா, வந்தான், மீன் குழம்பு ரெண்டு தடவை வாங்கினான் என்று ரஞ்சிதபாயே சேர்த்துச் சொல்லுவாள். சொல்லிச்சொல்லி ஒரு நாள் தட்டைக் கழுவும்போது அவளுக்கே சந்தேகம் வந்தது, வந்தானோ என்று.

அந்த ஐந்தாவது வரியில் குடியுரிமை எப்போது விரிந்தது? அதை நினைவுபடுத்தப் பார்த்தாள். தொண்ணூறில் வேலைக்குச் சேர்ந்தபோது சரியாகத்தான் சொல்லியிருப்பாள், குறுக்கினார் என்று, எம்.ஏ.வில் தங்கப்பதக்கம் வாங்கியவளுக்கு அது தெரியாமலா. பிறகு தொண்டுகள் என்ற தலைப்புக்குக் கீழே குறுக்கினார் என்பது உட்காரவில்லை, நல்லதெல்லாம் வரிசையாக வரும்போது நடுவே ஒரு நொண்டிக்கால் மாதிரி நின்றது. எட்டுப் பாயிண்ட் வேண்டும், ஏழுதான் நல்லவை. அதனால் குடியுரிமையை ஒழுங்குபடுத்தினார் என்று மாற்றியிருப்பாள். ஒழுங்குபடுத்தினது வருஷத்துக்கு வருஷம் தேய்ந்து, சொல்லச்சொல்ல வழுக்கி, விரிவுபடுத்தினதாகிவிட்டிருக்கும். ஒரே பாடத்தை முப்பது தடவை சொன்னால் யாருக்கும் வருவதுதான். அது பிழைகூட இல்லை, தேய்மானம். செருப்பு தேய்வதில்லையா. இப்படி நினைத்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். ஆனால் அது அப்படி நடக்கவில்லை, அது அவளுக்குத் தெரியும். மறதி வந்துவிட்டதோ, அம்மாவுக்கு வந்ததுபோல, என்று இந்த இரண்டு மாதமாக அவள் பயந்துகொண்டிருந்தாள். கேஸ் அடுப்பை அணைத்தோமா, சாவி எங்கே, பக்கத்து வீட்டுக்காரி பெயர் என்ன. மறதியே வந்திருந்தால் தேவலை என்று இப்போது இருந்தது. தேயவில்லை. ஒரே நாளில், ஒரே நிமிஷத்தில் மாறியது. மழை பெய்துகொண்டிருந்தது அன்றைக்கு.

தொண்ணூற்றேழு, கார்த்திகை அடைமழை, இரண்டாம் ஆண்டு வகுப்பு, நாற்பத்திரண்டு பெண்கள். ஓட்டிலிருந்து வழிகிற தண்ணீர் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொல்லிக்கொண்டிருந்தாள், எழுதுங்க, ஐந்தாவதாக, கி.மு. நானூற்று ஐம்பத்தொன்றில் ஒரு சட்டம் கொண்டுவந்தார், தாய் தந்தை இருவரும் ஏதென்ஸ் நகரத்தவராக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை. நாற்பத்திரண்டு பேனாவும் கீறிக்கொண்டு போயின. மூன்றாவது வரிசையில் ஒரு பேனா நின்றது. சுகந்தமலர். மன்னாரிலிருந்து பத்து வயதில் படகில் வந்த பெண், ஊருக்கு வெளியே அகதி முகாமில் இருந்து பஸ் பிடித்து வருவாள், சாயங்காலம் ஆறு மணிக்குள் முகாமுக்குள் இருந்தாக வேண்டும் என்று கடைசி மணியை விட்டுவிட்டு ஓடுவாள். வகுப்பில் அவள் வாயைத் திறந்து யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு எழுந்து நின்றாள். "அப்ப அந்தப் பிள்ளை எந்த ஊர்ப் பிள்ளை டீச்சர்?" அவ்வளவுதான் கேட்டாள். கேலியில்லை, கோபமில்லை, விலாசம் விசாரிக்கிற மாதிரி கேட்டாள். மழை பெய்துகொண்டே இருந்தது. மற்ற பிள்ளைகள் திரும்பிச் சுகந்தமலரைப் பார்த்தார்கள், பிறகு ஒருசேர ரஞ்சிதபாயைப் பார்த்தார்கள். பதில் அவளுக்குத் தெரியும். அந்த ஊரில் பிறந்தாலும் அந்த ஊர்ப் பிள்ளை இல்லை. உக்காரும்மா, பரீட்சைக்கு அது வேண்டாம், என்றாள். பிறகு, அவளே எதிர்பாராமல், எல்லாரும் அந்த வரியை அடிச்சிருங்க, அதுக்குப் பதிலா குடியுரிமையை விரிவுபடுத்தினார்னு எழுதுங்க, போதும், என்றாள். எதற்காக அப்படிச் சொன்னாள்? இரக்கம் என்று பல வருஷம் சொல்லிக்கொண்டாள். ஒரு குழந்தையின் முன்னால் கதவைச் சாத்த மனசில்லாமல் கதவே இல்லை என்று சொன்னது இரக்கம்தானே. ஆனால் இரக்கப்பட்டவள் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அவள் பார்க்கவில்லை. நாற்பத்தொரு பேனா அந்த வரியை அடித்த சத்தம் கேட்டது. நாற்பத்திரண்டாவது அடித்ததா என்று பார்க்காமல் ஆறாவது பாயிண்டுக்குப் போய்விட்டாள். சுகந்தமலர் மூன்றாம் ஆண்டுக்கு வரவில்லை. படகேறினாள் என்றார்கள், வேறு ஜில்லா முகாமுக்கு மாற்றிவிட்டார்கள் என்றார்கள். இந்தத் தாள் அவளுடைய பிள்ளை எழுதியதாக இருக்குமோ என்று ஒரு கணம் மனம் கூட்டிப் பெருக்கிப் பார்த்தது, வயது சரியாகத்தான் வந்தது. சீ, என்று அதை விட்டாள். கதையில்தான் அப்படி வரும். இது யாரோ ஒரு பிள்ளை. யாரோ ஒரு பிள்ளையாக இருப்பதுதான் இன்னும் கஷ்டம்.

எழுந்தாள். தாளை எடுத்துக்கொண்டு கூடத்தின் மூலையில் இருந்த பொறுப்பாளர் குரூஸின் மேசைக்குப் போனாள். குரூஸ் தூத்துக்குடிக்காரர், கணக்கு வாத்தியார், பன்னிரண்டு நாளாகச் சீல் அரக்கும் கூப்பன்களுமாக அலைந்து முகம் கறுத்துப்போயிருந்தார். அவள் விஷயத்தைச் சொன்னாள், எல்லாவற்றையும் இல்லை. கீயில் ஒரு பாயிண்ட் தப்பு, ஒரு பிள்ளை சரியாக எழுதி இரண்டில் போகிறது, அவ்வளவு. மழையைச் சொல்லவில்லை. குரூஸ் தாளை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, அட இதுக்கா மேடம் இவ்வளவு தூரம் நடந்து வந்தீங்க என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ரூல் போட்டது யாரு, நீங்க. நீங்களே ஒரு நாளு கண்ண மூடிக்கிட்டா வானம் இடிஞ்சா விழப் போவுது? பச்சையில நாலு போடுங்க. நான் பாக்கல. முப்பிடாதி அந்தப் பக்கம் திரும்பிக்கிடுவாரு. பிள்ளையும் பாஸு, நீங்களும் வியாழக்கெழம மாலையோட நிம்மதியா வீட்டுக்குப் போலாம். தொள்ளாயிரத்து அறுபது தாளுக்காகக் கட்டைப் பிரிச்சா இவனுவ என்னை உயிரோட விடமாட்டானுவ." சொல்லிவிட்டுச் சிரித்தார். நல்ல மனிதர். உண்மையாகவே அவளுக்கு நல்லது செய்ய நினைத்தார். அவளும் சிரித்தாள், தலையை ஆட்டினாள், அந்த ஒரு நிமிஷம் உடம்பு முழுவதும் ஒரு தளர்ச்சி இறங்கியது, வெந்நீரில் காலை வைத்தமாதிரி. ஆமாம், யாருக்கு நஷ்டம். பிள்ளைக்கு வேண்டியது கிடைக்கிறது. ஏதென்ஸ் சபையிலும் இப்படித்தான் இருந்திருக்கும், கிழவன் அழுகிறான், இரண்டு பிள்ளையைப் பறிகொடுத்தவன், அத்தனை வருஷம் ஊரை ஆண்டவன், அவனுக்கு ஒன்று கொடுத்தால் என்ன என்று யாரோ ஒரு குரூஸ் முதலில் கையைத் தூக்கியிருப்பார். நல்ல மனிதர்கள்தான் அவர்களும். விலக்குக் கிடைத்தது, சட்டம் அப்படியே இருந்தது. அந்த மகனும்தான் என்ன வாழ்ந்தான், வளர்ந்து தளபதியாகி, கடலில் ஜெயித்துவிட்டு வந்தவனை, மூழ்கினவர்களை ஏன் காப்பாற்றவில்லை என்று அதே சபை கைதூக்கிக் கொன்றது. கைதூக்கிக் கொடுத்தார்கள், கைதூக்கி எடுத்துக்கொண்டார்கள். அவள் பேனா மூடியைத் திறந்தாள். தாளின் அடியில் அந்த வாக்கியம் இருந்தது. மற்றப் பிள்ளைகளுக்காக யார் கேட்டார்கள் என்று புத்தகத்தில் இல்லை. இதற்குப் பக்கத்தில் எப்படி நான்கு என்று போடுவது. யாரும் பார்க்காதபோது, இந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் என்று, இந்த வாக்கியத்துக்குப் பக்கத்திலேயே. அடுத்த வருஷமும் முப்பிடாதி விரிவுபடுத்தினார் என்று சொல்லிக்கொடுப்பார். அதற்கடுத்த வருஷமும். எந்த வகுப்பிலோ யாரோ ஒரு பெண் எழுந்து நிற்க நினைத்து, கைடைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள்.

ஒரு வெள்ளைத் தாள் குடுங்க குரூஸ் சார், என்றாள். அவர் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று. எதுக்கு மேடம் என்றார், தெரிந்துகொண்டே. நின்றபடியே எழுதினாள். வினா பதினெட்டு, விடைக்குறிப்பில் ஐந்தாவது வரி தவறு. பெரிக்ளிஸ் குடியுரிமையை விரிவுபடுத்தவில்லை, குறுக்கினார். பிழை என்னுடையது, தெரிந்தே செய்தது. தெரிந்தே செய்தது என்று எழுதின பிறகு கை நின்றது. அது வேண்டியதில்லை, விதியில் அது கேட்கவில்லை. அடிக்கலாமா என்று பார்த்தாள். அடித்து அடித்துப் பழகின கை. அடிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுத் தேதி போட்டாள். பிறகு கூடத்தின் பக்கம் திரும்பி நின்று சொன்னாள், மைக் இல்லாமல், வகுப்பில் சொல்கிற குரலில், ஆனால் அந்தக் குரல் பாதி தூரத்துக்கு மேல் போகவில்லை, முன்னால் இருந்தவர்கள் பின்னால் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஒருவர் மூடிய பையின் ஜிப்பை மறுபடி திறந்தார். ஒரு அம்மா போனை எடுத்து, பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிடு, நான் வர எட்டு மணியாகும் என்று யாரிடமோ சொன்னாள். வள்ளியூர்க்காரர் ஒருவர், கேட்கட்டும் என்றே, முப்பது வருசமா விரிச்சதை ஒரே சாயங்காலத்துல சுருட்டணுமாக்கும் என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். ரஞ்சிதபாய்க்குக் காது சூடாயிற்று. வியாழக்கிழமை மாலை போடும்போது இதையும் பேசிச் சிரிப்பார்கள், அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் பேசுவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள், அவளுந்தான் மறந்துவிடலாம், அடுப்பை அணைத்ததை மறப்பதுபோல. உட்கார வேண்டும்போல இருந்தது. அந்த ஏழாவது தாளில் இரண்டை அடித்துப் பச்சையில் ஆறு போட்டாள், முப்பத்திரண்டு என்று கூட்டினாள், சுருக்கொப்பம் இட்டாள். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். ஒன்றும் இல்லை. மழை விட்ட பிறகு ஓட்டில் மிச்சத் தண்ணீர் சொட்டுமே, அந்த அளவுக்கு ஏதோ இருந்தது.

முப்பிடாதி நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். கையில் இரண்டு கட்டு. ஒன்றின் நூலை அவிழ்த்தார். நான் படிச்சதும் அதான் மேடம் என்றார். பதினோரு வருசமா சொல்லிக் குடுத்ததும் அதான். அவர் குரலில் புகார் இருக்குமா என்று அவள் தேடினாள், இல்லை, இருந்திருக்கலாம். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். இந்தத் தடவை வேறு பக்கம் திரும்பாமல், அவர் கண்ணை எடுக்கும்வரை பார்த்தாள். அவர் காதிலிருந்து பேனாவை எடுத்தார்.

"குறுக்கினார்னு எழுதினவனுக்கு ஒண்ணு போட்டுரலாம், சரி. விரிச்சார்னு எழுதினவனுக்குப் போட்ட ஒண்ண எடுத்துரணுமா?"

"வேண்டாம் சார், இருக்கட்டும்," என்றாள் ரஞ்சிதபாய். "அவங்க நான் சொன்னதை எழுதியிருக்காங்க."